பதினாலு பேருக்கு ஒரு தனிமை

டாக்டரம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான். "ரெண்டு பேரும் ஒரு வாரம் எங்கேயாவது போய் இருந்துட்டு வாங்க."

அந்த வாக்கியம் ஆஸ்பத்திரியில் காரேறி, ராஜ்கோட்டின் சாயங்கால நெரிசலில் ஊர்ந்து, ராய்சுரா இல்லத்து வாசலில் இறங்குவதற்குள் 'ரெண்டு பேரும்' என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தது 'எங்கேயாவது போய்' மட்டும்தான். போன வாரம் நாம் விட்ட இடம் அது.

இது ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை, கடலைமாவுக் காட்டியாவும் பொரித்த மிளகாயும் பப்பாளித் துருவலும் வயிற்றுக்குள் போகாமல் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. வினோத்ராய் ராய்சுரா முடிவு செய்வதற்குப் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டு, கூடத்து நடுவில் பித்தளைச் சங்கிலி ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தார். பேரிங் தொழிற்சாலை முதலாளி. சாதிச் சங்கத்தின் முன்னாள் தலைவர். 'முன்னாள்' என்ற சொல்லைத் தம் காதுபட யாரும் சொல்ல அவர் அனுமதித்ததில்லை.

ஊஞ்சலுக்கு எதிரே, மடியில் இரண்டு வழவழப்பான படப் புத்தகங்களோடு பயண ஏஜெண்ட் பிரஃபுல்பாய். எங்கள் பேட்டையின் பாதிப்பேரை வெளிநாடு அனுப்பி வைத்தவர். அவர் மட்டும் துவாரகைக்கு அப்பால் கடல் பார்த்ததில்லை.

"ரெண்டு தீவு, சேட். ரெண்டும் முதல் தரம். ஒண்ணு மொரீஷியஸ், ஒண்ணு மாலத்தீவு. பொண்ணு பாக்கிற மாதிரி நிதானமா பாருங்க."

"மொரீஷியஸ்ல நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! கடை, கண்ணி, சமாஜம், கோயில் எல்லாம் இருக்கு. வினோத்ராய் சேட் வர்றார்னு ஒரு போன் போட்டா மாலையோட நிப்பாங்க."

ஊஞ்சலின் வீச்சு ஒரு சாண் கூடியது.

"மாலத்தீவுல?"

"அங்க…" பிரஃபுல்பாய் பக்கத்தைப் புரட்டினார். "அங்க தண்ணி இருக்கு சேட்."

"தண்ணியா?"

"சுத்தித் தண்ணி. ஒரு தீவுக்கு ஒரே ஹோட்டல். கடலுக்கு மேல கால் ஊனி மர வீடு. ஒரு வீட்டுக்கு ரெண்டே பேர். கதவைத் திறந்தா கடல்தான். கூப்பிட்டா ஆள் வரும். கூப்பிடலன்னா நாள் பூரா ஒரு ஈ எறும்பு எட்டிப் பாக்காது."

ஒளித்து வைக்க முடியாத ஒரு குறையைச் சொல்லித் தொலைப்பதுபோல அதைச் சொன்னார்.

தேநீர்த் தட்டோடு வந்த மருமகள் உர்வி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். திறந்திருந்த பக்கத்தில், பச்சைத் தண்ணீருக்கு மேல் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் யாரும் இல்லை.

"அட கஷ்டமே," என்றாள் மாமியார் ரசீலாபென். "யாருமே வரமாட்டாங்களா? அப்புறம் எதுக்கு அங்க போறாங்க?"

"வெளிநாட்டுக்காரங்களுக்குச் சொந்தம் கம்மி மம்மி," என்றாள் பவிஷா. இவள் மூத்த மகள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். ஞாயிறு தவறாமல் கணவன், பிள்ளைகளோடு காட்டியாவுக்கு வந்துவிடுவாள்.

"மகராஜை உள்ள விடுவானா?" வினோத்ராய் விஷயத்துக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் சமையல்காரருக்கு மகராஜ் என்று பெயர். அது வெறும் மரியாதை இல்லை என்பது அவர் இல்லாமல் ஊர் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"மொரீஷியஸ்ல தனி அடுப்பாங்கரையே தர்றான் சேட். காலையில தேப்லா, ராத்திரி கிச்சடி. மாலத்தீவுக்காரன் அடுப்புக்கிட்டயே விடமாட்டான்."

"என் டாகோர்ஜி?" ரசீலாபென் முந்தானையை இழுத்துக்கொண்டாள். பூஜை அறையில் இருக்கும் கைக்குழந்தைக் கிருஷ்ணனுக்கு மூன்று வேளையும் அவள்தான் ஊட்டுகிறாள். தூங்க வைக்கிறாள். எங்கே போனாலும் ஒரு சின்னப் பெட்டியில் அவரும் கூடவே வருவார்.

"மொரீஷியஸ்ல கையைக் கூப்பி வரவேற்பான் ரசீலாபென். மாலத்தீவு விமான நிலையத்துல சாமி விக்ரகத்தை விடமாட்டான். சட்டம்."

பவிஷாவின் கணவன் பரேஷ்குமார் புருவத்தால் ஒரு கேள்வி கேட்டார். மதுவிலக்கு மாநிலத்து மாப்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கேள்வி அது. பிரஃபுல்பாயும் புருவத்தாலேயே, இரண்டு தீவிலும் தாராளமாக உண்டு என்று பதில் சொன்னார். மாப்பிள்ளை அதற்குப் பிறகு எதிலும் தலையிடவில்லை.

ஊஞ்சல் நின்றது. அந்த வீட்டில் தீர்ப்பு வரும் விதம் அதுதான்.

"மொரீஷியஸ். கோகுலாஷ்டமிக்கு ஃபாக்டரி அஞ்சு நாள் அடைப்பு. நம்ம வீடு, தம்பி வீடு, பவிஷா வீடு, எல்லாருமா பதினாலு பேர். மகராஜ் தனி." பிறகு உர்வியின் பக்கம் திரும்பி, குரலை வெண்ணெயாக்கிக்கொண்டார். "உனக்காகத்தான் பேட்டா. நாலு பேர் நடுவுல இருந்தாத்தான் மனசு தேறும். தனியா விட்டா அது கண்டதை நினைக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. கஷ்டமே அதுதான்.

ஊஞ்சலுக்குப் பக்கத்துத் தாழ்வான இருக்கையில் மிதேஷ் உட்கார்ந்திருந்தான். அவரது ஒரே மகன், உர்வியின் கணவன். "மிதேஷ், நீ என்னடா சொல்றே?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க சொல்றபடி பப்பா."

வளைகாப்பில் அறுநூறு பேர் சாப்பிட்டதும், அதற்கு அடுத்த வாரம் நடந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். உயிரில்லாமல் பிறந்த ஏழு மாதப் பெண் சிசு. உர்வி மயக்கம் தெளிந்து கண் விழிக்குமுன் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது தொட்டில் இல்லை. குட்டிச் சட்டைகள் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படம்கூட இல்லை. அது இருந்த சதுரத்தில் புதுச் சுண்ணாம்பு. அவள் மனசு நோகக்கூடாது என்று ஆளாளுக்கு ஓடி ஓடி, நடந்ததன் தடயத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். அன்று முதல் இன்றுவரை அந்த வீட்டில் யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிதேஷும்தான்.

பகல் ஒரு மணிக்கு எங்கள் ராஜ்கோட் படுத்துவிடும். கடைகள் ஷட்டரை இறக்கும். ஆட்டோக்காரன் பின் இருக்கையில் காலை நீட்டுவான். நாலு மணிவரை கலெக்டரே வந்தாலும் சோடா கிடைக்காது. ராய்சுரா இல்லத்திலும் ஆளுக்கொரு அறையில் குறட்டை. உர்விக்கும் மிதேஷுக்கும் பகலில் வாய்க்கும் தனிமை இது ஒன்றுதான். அதிலும் மிதேஷ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான்.

"தூங்கிட்டியா?"

அறைக்கு வெளியே அவனை 'நீங்க' என்பாள். அறைக்குள் 'நீ'. தங்களுக்கென்று அவர்கள் சேர்த்து வைத்த சொத்து அவ்வளவுதான்.

"இல்ல."

"மாலத்தீவு போலாம் மிதேஷ்."

"பப்பாதான் சொல்லிட்டாரே."

"நாம ரெண்டு பேர் மட்டும்."

அவன் திரும்பினான். "ஏன், இங்க யார் உன்னை என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான் கண்ணைக் கசக்கினா மம்மி எலுமிச்சை ஜூஸோட வந்துடறாங்க. பப்பா ஏசி ரிப்பேர்காரனைக் கூப்பிடறார். பவிஷாபென் சேலை வாங்கிட்டு வர்றாங்க. ஆறு மாசத்துல ஒம்பது சேலை வந்துடுச்சு. ஒரு தடவைகூட அழுது முடிக்க முடியல."

"எல்லாம் உன்மேல இருக்கிற பாசம்தான்."

"எனக்குத் தெரியாதா? அதனாலதான் சண்டைகூடப் போட முடியல." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கடல் வேண்டாம், மீன் வேண்டாம். ஒரு கதவு. உள்ள நீயும் நானும். நீ அழு, நானும் அழறேன். அது போதும். இல்லேன்னா நான் இந்த வீட்டுல ரொம்ப நாள் தாங்கமாட்டேன் மிதேஷ். பயமுறுத்தல. நிஜமாத்தான் சொல்றேன்."

மின்விசிறி சுற்றியது. கீழே ரசீலாபென் தூக்கத்தில் இருமினாள்.

"நான் கேக்கறேன்," என்றான் மிதேஷ்.

"யார்கிட்ட?"

"பப்பாகிட்டதான். சாயங்காலம் கேக்கறேன்."

கல்யாணமான நாலு வருஷத்தில், அப்பாவிடம் ஒன்று கேட்கப்போவதாக அவன் சொன்னது அதுவே முதல் தடவை. சொந்தத் தேனிலவுக்கே பாங்காக்குக்குப் பரேஷ்குமார் குடும்பம் கூடவே வந்தபோதும், "துணைக்கு ஆள் இருந்தா நல்லதுதானே" என்றவன். உர்வி அன்று கொஞ்ச நேரம் தூங்கினாள்.

நாலரைக்குக் கூடத்தில் தேநீர் சுற்றியது. முன்பணம் வாங்கப் பிரஃபுல்பாய் திரும்பி வந்திருந்தார். மிதேஷ் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினான். வங்கி மேலாளரைப் பார்க்கப் போகும்போது போடுகிற சட்டை அது. உர்வி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பப்பா."

ஊஞ்சல் மெதுவானது. "ம்?"

"ஒண்ணு கேக்கணும்."

பவிஷா கோப்பையை வைத்தாள். ரசீலாபென் வெற்றிலையை வைத்தாள். பரேஷ்குமார்கூடப் போனை வைத்தார்.

"மாலத்தீவு போலாமா பப்பா? நாங்க…"

உர்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் மூன்று சொல். ரெண்டு பேர் மட்டும். சொல்லிவிடு. சொல்லித் தொலை.

"நாங்க… அதாவது, மாலத்தீவு நல்லா இருக்கும்னு தோணுச்சு," என்று முடித்தான் மிதேஷ்.

டாக்டரம்மாவின் வாக்கியத்திலிருந்து எது விழுந்ததோ, அதுவே இந்த வாக்கியத்திலிருந்தும் விழுந்துவிட்டது.

ஊஞ்சல் நின்றது. வினோத்ராய் மகனையே பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"கேட்டியா ரசீலா? முப்பத்தோரு வயசுல என் பையன் என்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கான்!" எழுந்து வந்து மகனின் முதுகில் ஓர் அறை அறைந்தார். "இதுக்கு ஏன்டா இவ்வளவு தயக்கம்? மொரீஷியஸ் கிடக்கட்டும். மாலையும் வேண்டாம், சமாஜமும் வேண்டாம். பிரஃபுல், எழுதிக்கோ. பதினாலு பேரும் மாலத்தீவு!"

"சேட், மகராஜ்…"

"பெட்டியில கரண்ட் அடுப்பை வச்சு எடுத்துட்டு வரட்டும். மாவு கலந்து வச்சா குளியலறையில உக்காந்துகூட தேப்லா தட்டுவார்."

பிரஃபுல்பாய் தொழில் தெரிந்தவர். நொடியில் தீவை மாற்றிப் புகழ ஆரம்பித்தார். "ஏழு வீடும் ஒரே வரிசையில வாங்கித் தர்றேன். நடுவுல மரப் பாலம்தான். இந்த வீட்டுல தும்மினா அந்த வீட்டுல கேக்கும். நம்ம தெரு மாதிரியே இருக்கும் சேட்!"

"பாலத்துல சீட்டு ஆடலாம்," என்றார் பரேஷ்குமார்.

ரசீலாபென் பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து உர்வியின் கன்னத்தைத் தொட்டாள்.

"டாகோர்ஜியை ஹவேலி கோயில்ல விட்டுட்டு வர்றேன் பேட்டா. ஜன்மாஷ்டமி அன்னிக்கு நான் பக்கத்துல இல்லேன்னா அவருக்குக் கோவம் வரும். வரட்டும், சமாதானம் பண்ணிக்கலாம். நீ சிரிச்சாப் போதும்."

இப்படிப்பட்ட மாமியாரை யார் வெறுக்க முடியும்? உர்வி குனிந்து அவள் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது, இந்த வீட்டிலிருந்து தப்பிக்க இந்த உலகத்தில் தீவே கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போனாலும் இதுவும் கூடவே வரும்.

அடுக்களைக்குள் மிதேஷ் பின்னாலேயே வந்தான். முகமெல்லாம் வெளிச்சம். பரீட்சையில் தேறியவன் மாதிரி இருந்தான்.

"கேட்டேன் பாத்தியா? பப்பா உடனே சரின்னுட்டார்!"

உர்வி அடுப்பை அணைத்தாள். "ஒண்ணு சொல்லு மிதேஷ். மனசுக்குள்ள அவளுக்கு ஒரு பேர் வச்சிருந்தியா?"

குழந்தையைக் குறித்து 'அவள்' என்ற சொல் அந்த வீட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அவனுக்குப் புரியாமல் இல்லை. கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப எதுக்கு அது?"

"எனக்குத் தெரியணும். தினமும் ராத்திரி வயித்துல காது வச்சுப் படுப்பியே, அப்ப என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டே?"

மிதேஷ் ஈரத் துணியை எடுத்தான். அதை மடித்தான். "பேர் வைக்கிறது ஃபோயோட உரிமை உர்வி. பவிஷாபென்தானே வைக்கணும். அப்பா முந்திக்கிட்டு நினைக்கிறது முறையில்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். அப்பாவின் சகோதரிதான் ஃபோய். பிறந்த குழந்தையைத் துணியிலிட்டு நாலு பேர் ஆட்ட, அவள் அரசிலை வைத்துப் பாடிப் பெயர் சூட்டுவாள். அழகான வழக்கம்தான். அதற்குள் ஓர் ஆண்பிள்ளை போய் ஒளிந்துகொள்ள முடியும் என்று அதை ஏற்படுத்தியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

"அதனால நீ நினைக்கவே இல்ல," என்றாள் உர்வி.

அவன் துணியை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"நான் வச்சிருந்தேன்," என்றாள். அந்தப் பெயரை அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

"பேட்டா, உர்வி! மிதேஷ்!" கூடத்திலிருந்து வினோத்ராயின் குரல். "எல்லாரும் பாஸ்போர்ட்டைக் கொண்டாங்க! பிரஃபுல் கிளம்புறதுக்குள்ள கையில குடுத்துடலாம்!"

ரசீலாபென் எவர்சில்வர் தட்டில் குங்குமமும் சர்க்கரையும் வைத்திருந்தாள். அதில் பாஸ்போர்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பவிஷா ஓட்டமாகப் போய்த் தன் வீட்டிலிருந்து நாலு கொண்டுவந்திருந்தாள். "மிதேஷ், உன்னோடதும் உர்வியோடதும்?" என்றார் வினோத்ராய். அவன் மாடிப்படியில் கால் வைத்தான்.

"என்னோடது இங்க இல்ல பப்பா," என்றாள் உர்வி.

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்.

"இல்லையா?"

"பாவ்நகர்ல, அப்பா வீட்டுல இருக்கு. நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

"கூரியர்ல அனுப்பச் சொல்லேன்மா."

"பாஸ்போர்ட்டாச்சே. தொலைஞ்சா கஷ்டம். நானே போறேன் பப்பா."

படியில் மிதேஷ் அப்படியே நின்றான். பாங்காக்கிலிருந்து திரும்பிய அன்று, இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, தன் பீரோவின் உள் அறையில் பூட்டியவன் அவன்தான். சாவி இப்போதும் அவன் இடுப்பில் இருந்தது.

வினோத்ராய் நிமிர்ந்து பார்த்தார். "அங்கயாடா இருக்கு?"

"பாத்துட்டு வர்றேன்," என்று மிதேஷ் மேலே போனான்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பரேஷ்குமார் ஒரு நகைச்சுவை சொன்னார். பவிஷா சிரித்தாள். உர்வி தட்டிலிருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் கொண்டுவந்துவிட்டால் அவள் பொய்க்காரி. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவளுக்கு எலுமிச்சை ஜூஸ்கூடக் கிடையாது. ஒன்றை மட்டும் கொண்டுவந்தால்…

படியில் காலடி. மிதேஷ் இறங்கி வந்தான். தட்டில் ஒரு பாஸ்போர்ட்டை வைத்தான்.

"ஆமா பப்பா. அவளோடது இங்க இல்ல."

அப்பா முகத்தைப் பார்க்காமல் அவன் அந்தக் கூடத்தில் சொன்ன முதல் வாக்கியம் அது.

"அப்ப சரி. நாளைக்குக் காலையில போய் எடுத்துட்டு வந்துடு பேட்டா. அப்பா அம்மாவையும் பாத்த மாதிரி இருக்கும்," என்றார் வினோத்ராய். ஊஞ்சல் மறுபடி ஆடத் தொடங்கியது.

மிதேஷ் தாழ்வான இருக்கையில் போய் உட்கார்ந்தான். விரலில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. இன்னொரு சுற்று சுற்றினான். விரல் நுனி வெளுத்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிரஃபுல்பாய் போனை எடுத்து, பழகிப்போன நாக்கால் உர்வியிடம் கேட்டார்.

"பாவ்நகர் பஸ்ஸுக்கும் இப்பவே சீட்டு போட்டுடறேன் பென். போறதுக்கு மட்டும் போதுமா, திரும்பி வர்றதுக்கும் சேர்த்துப் போடட்டுமா?"

"இவன் ஒருத்தன்! பொறந்த வீட்டுக்குப் போறவகிட்டயும் யாவாரம்," என்றார் வினோத்ராய். கூடம் முழுக்கச் சிரித்தது.

உர்வி மிதேஷைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவனிடம் அவள் எதிர்பார்த்த பதில்களிலேயே மிகச் சிறியது அது. 'சேர்த்து' என்று ஒரு சொல்.

அவன் தலையைத் தூக்கினான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"போறதுக்கு மட்டும் போடுங்க பிரஃபுல்பாய்," என்றாள் உர்வி.